ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு: அப்பா சரியா, பையன் சரியா?

சார்லட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்:

"பதினைந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறோம். வங்கியில் ஐடி வேலை. அமெரிக்கன் ஃபுட்பால் எனக்குப் பிடிபடவே நாலைந்து வருஷம் ஆனது, இப்போது பையனைவிட நான்தான் அதிகமாகக் கத்துகிறேன். எங்கள் பேந்தர்ஸ் 2023இல் பிரைஸ் யங்குக்காக டிராஃப்டில் ஒன்பதாம் இடத்திலிருந்து முதல் இடத்துக்குப் போனார்கள். அதற்குக் கொடுத்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. குவார்ட்டர்பேக்குக்காக எந்த அணியும் எப்போதுமே மேலே ஏறக் கூடாது என்பது என் கட்சி. காலேஜ் படிக்கும் என் பையனோ, ஏறினது தப்பில்லை, எடுத்த ஆள்தான் தப்பு, சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்கிறான். பந்தயம் கட்டியிருக்கிறோம். தோற்றவர் இந்தக் கோடை முழுக்க வீட்டுப் புல்லை வெட்ட வேண்டும். நீங்கள் டிராஃப்டுக்கு வருகிற ஆட்டக்காரர்களை எடைபோடுவதையே தொழிலாகச் செய்கிறவர், யார் சொல்வது சரி?"

வணக்கம் சார். தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன், நேராக அங்கே தாவிவிடாதீர்கள். முதலில் இந்த ஆட்டத்தையே பார்த்திராத மற்ற வாசகர்களுக்காக நாலு வரி, நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை, பணத்தை வீசி ஆளைத் தூக்க முடியாது. 32 அணிகளும் வரிசையில் நின்று கல்லூரி ஆட்டக்காரர்களை ஒருவர் ஒருவராக எடுக்க வேண்டும், மொத்தம் ஏழு சுற்று. போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு வரிசையில் முதல் இடம், சாம்பியனுக்குக் கடைசி இடம். முன்னால் போக வேண்டும் என்றால் முன்னால் நிற்கிற அணியோடு பேசி, உங்கள் இடத்தோடு இன்னும் சில இடங்களையும், தேவைப்பட்டால் அடுத்த வருஷத்து இடங்களையும் ஆட்டக்காரர்களையும்கூடச் சேர்த்துக் கொடுத்து இடம் மாற்றிக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக் என்பவர் தாக்குதல் ஆட்டத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று இரண்டு மூன்று விநாடியில் முடிவு செய்கிறவர். அவர் சரியில்லை என்றால் மற்ற பத்துப் பேர் எவ்வளவு நல்லவர்களாக இருந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. அதனால்தான் அவருக்காக அணிகள் வீட்டை விற்கத் தயாராக இருக்கின்றன.

சரி, இப்போது உங்கள் வயிற்றெரிச்சலுக்கு வருவோம். பேந்தர்ஸ் சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கொடுத்தது: 2023இன் 9ஆம் இடம், 61ஆம் இடம், 2024இன் முதல் சுற்று இடம், 2025இன் இரண்டாம் சுற்று இடம், அப்புறம் பந்து பிடிப்பாளர் டி.ஜே. மூர். வாங்கியது முதல் இடம் ஒன்றை மட்டும்.

1990களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் டல்லஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளராக இருந்தபோது ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி போட்டு அட்டவணை தயாரித்தார்கள். இப்போது பல அணிகள் சொந்தக் கணக்கு வைத்திருந்தாலும், பேரம் பேசும்போது அந்தப் பழைய அட்டவணை மேல் ஒரு கண் இருக்கத்தான் செய்கிறது. அதன்படி முதல் இடம் 3000 புள்ளி. ஒன்பதாம் இடம் 1350. அறுபத்தொன்றாம் இடம் 292. ஆக 1642 போனது, மீதி 1358 புள்ளிக்குத்தான் மூரும் வருங்கால இடங்கள் இரண்டும். காகிதத்தில் பார்த்தால் கொள்ளை விலை என்று சொல்ல முடியாது. ஆனால் 2024இன் முதல் சுற்று இடம் எதுவாக இருக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது இல்லையா? பேந்தர்ஸ் 2023இல் 2 ஆட்டம் ஜெயித்து 15 தோற்றார்கள், அந்த இடம் 2024இன் முதல் இடமாகவே போய் விழுந்தது. அதாவது 3000 புள்ளி. முதல் இடத்தை வாங்க இன்னொரு முதல் இடத்தையே கொடுத்து, மற்றதெல்லாம் மேல்காசு! அந்த இடத்தில்தான் பேர்ஸ் கேலப் வில்லியம்ஸை எடுத்தார்கள், அவரும் குவார்ட்டர்பேக்.

ஊரில் ஏலச்சீட்டு போட்டிருப்பீர்கள். முதல் மாசமே பணம் வேண்டும் என்று நிற்கிறவன் எவ்வளவு தள்ளி எடுப்பான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் தள்ளுகிற தொகை பொறுமையாக உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பங்காகப் போகும். டிராஃப்டிலும் அதே கதைதான், அடுத்த வருஷத்து முதல் சுற்று இடத்தை இந்த வருஷத்து இரண்டாம் சுற்று இடம் மாதிரி மதிப்பது வழக்கம், அவசரக்காரன் எப்போதும் மலிவாகத்தான் விற்பான். சீட்டிலாவது மாசாமாசம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரியும். இங்கே நீங்கள் எவ்வளவு மோசமாக ஆடுகிறீர்களோ அவ்வளவுக்குத் தவணையும் ஏறும்.

அந்த 61ஆம் இடம் எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? 2022 அக்டோபரில் கிறிஸ்டியன் மக்காஃப்ரியை சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்கு அனுப்பினீர்களே, அவருக்குப் பதிலாகக் கிடைத்த இடங்களில் ஒன்று அது. ஆக யங் வந்து சேர்ந்தபோது பேந்தர்ஸின் சிறந்த ஓட்டக்காரரும் இல்லை, அவர் விலையில் ஒரு பகுதியும் இல்லை, சிறந்த பந்து பிடிப்பாளரும் இல்லை.

என்னைக் கேட்டால் அந்த டிரேடில், அதாவது இடமாற்றுப் பேரத்தில், நிஜமான தப்பு மூரைக் கொடுத்ததுதான். முதல் சுற்று இடங்கள் இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்த முழு விவகாரத்தின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

இளம் குவார்ட்டர்பேக்கை அணிகள் இப்படித் துரத்துவதற்கு ஆட்டத்திறன் பாதிக் காரணம், சம்பளம் மீதிக் காரணம். அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு டிராஃப்டில் வருகிறவர்களின் சம்பளம் எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. யங்குக்கு நாலு வருஷத்துக்கும் சேர்த்துச் சுமார் 3 கோடியே 80 லட்சம் டாலர். 2024இல் டல்லஸின் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் போட்ட ஒப்பந்தத்தில் ஒரே வருஷத்துக்குச் சராசரி 6 கோடி டாலர். அந்த வருஷம் ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய சம்பள உச்சவரம்பே 25 கோடியே 54 லட்சம்தான். அப்போது உங்கள் குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கிற அந்த நாலு வருஷத்தில், மிச்சமாகிற பணத்தில் அவருக்கு முன்னால் நிற்க நல்ல தடுப்பாட்டக்காரர்களையும், பந்து பிடிக்க நல்ல ஆட்களையும் வாங்கிக்கொள்ளலாம். மலிவு என்பதன் பிரயோஜனமே அதுதான். ஆனால் டிராஃப்ட் இடங்கள் என்பவையும் மலிவான ஆட்கள்தானே? குவார்ட்டர்பேக்கால் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு கையால் எடுத்து, இன்னொரு கையால் நாலு மலிவான ஆட்களையும் கைவசம் இருந்த ஒரே நல்ல பந்து பிடிப்பாளரையும் கொடுத்துவிட்டால் மிச்சம் எங்கே? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதை.

2023 பருவத்து பேந்தர்ஸ் ஆட்டங்களை நான் மேலிருந்து 22 பேரும் தெரிகிற வீடியோவில் உட்கார்ந்து பார்த்தேன். தொழில் அதுதான், ஒரு கையில் பேனா, ஒரு கையில் ரிமோட், பக்கத்தில் ஆறிப்போன காபி. என் நோட்டில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி குறிப்பு வருகிறது. பந்து கைக்கு வந்தது. வலப்பக்கம் பார்க்கிறார், பிடிக்கிறவர் மேல் ஆள் ஒட்டிக்கொண்டு ஓடுகிறான். நடுவில் பார்க்கிறார், அங்கேயும் அதே. இடப்பக்கம் திரும்புவதற்குள் தடுப்பு வரிசையின் நடுவே ஒரு ஓட்டை, அதற்குள் 140 கிலோ ஆள் ஒருத்தன் நுழைந்துவிட்டான். யங்கின் உயரம் 5 அடி 10 அங்குலம், நடுவிலிருந்து ஆள் வந்தால் அவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. அந்தப் பருவத்தில் 62 முறை அவரைத் தரையில் சாய்த்தார்கள். அவர் எறிந்ததில் அதிகம் பிடித்தவர் ஆடம் தீலன், 103 முறை, 1014 யார்டு, 33 வயதில் அந்த மனுஷன் தன்னால் முடிந்ததற்கு மேலேயே செய்தார். மூருக்குப் பதில் என்று இரண்டாம் சுற்றில் எடுத்த ஜொனாதன் மிங்கோவை அடுத்த வருஷமே டல்லசுக்கு அனுப்பியாகிவிட்டது. சிகாகோவுக்குப் போன மூர் அதே 2023இல் 96 பந்து பிடித்து 1364 யார்டு எடுத்தார்.

பஃபலோ பில்ஸ் இதற்கு நேர் எதிராகச் செய்ததைப் பாருங்கள். 2018இல் ஜாஷ் ஆலனுக்காக அவர்களும் ஏறினார்கள். மார்ச்சில் 21லிருந்து 12க்கு ஒரு படி, டிராஃப்ட் இரவில் இரண்டாம் சுற்று இடங்கள் இரண்டைக் கொடுத்து 12லிருந்து 7க்கு இன்னொரு படி. ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றால், முதல் படிக்கு அவர்களும் இடது பக்கத் தடுப்பாட்டக்காரர் கோர்டி கிளெனைக் கொடுத்தார்கள், அதற்கான பலனை ஆலன் முதல் வருஷமே அனுபவித்தார். எறிந்ததில் 52.8 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது, 10 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது), 12 முறை எதிராளி கையில். ஆனால் அடுத்த வருஷத்து முதல் சுற்று இடம் அவர்கள் கையிலேயே இருந்தது. 2020இல் முதல் சுற்று இடத்தோடு இன்னும் சிலவற்றைக் கொடுத்து ஸ்டெஃபான் டிக்ஸைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பருவம் ஆலனின் கணக்கு 69.2 சதவீதம். 2024இல் அவர் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். பில்ஸ் குவார்ட்டர்பேக்குக்காகப் பந்து பிடிப்பாளரை வாங்கினார்கள், பேந்தர்ஸ் குவார்ட்டர்பேக்கை வாங்கப் பந்து பிடிப்பாளரை விற்றார்கள்.

இப்போது உங்கள் பையனிடம் வருகிறேன். ஸ்ட்ரவுடை எடுத்திருந்தால்?

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. இரண்டாவதாகப் போன ஸ்ட்ரவுட் 2023இல் 4108 யார்டு, 23 டச்டவுன், 5 முறைதான் எதிராளி கையில் கொடுத்தார். ஹூஸ்டன் டெக்சன்ஸ் 10 ஆட்டம் ஜெயித்து, பிளேஆஃபில் கிளீவ்லாந்தை 45-14 என்று அடித்தது. யங்குக்குக் கிடைத்தது 2877 யார்டு, 11 டச்டவுன், 10 முறை எதிராளி கையில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தப் பையனும் அதைத்தான் சொல்வான். ஆனால் அவனிடம் ஒரு விஷயம் கேளுங்கள். டெக்சன்ஸ் ஸ்ட்ரவுடுக்காக என்ன கொடுத்தார்கள்? ஒன்றுமில்லை. இரண்டாம் இடம் அவர்களுடைய சொந்த இடம், ஆள் தானாக வந்து சேர்ந்தார். கையில் மிச்சம் இருந்ததைக் கொண்டு அடுத்த நிமிஷமே மூன்றாம் இடத்துக்கும் ஏறி வில் ஆண்டர்சனை எடுத்தார்கள். அந்த ஸ்ட்ரவுட்தான் 2024இல் முன்னால் இருந்த தடுப்பு வரிசை ஆட்டம் கண்டபோது 52 முறை கீழே விழுந்து, 12 முறை பந்தைப் பறிகொடுத்தார். ஆள் அதே ஆள்தான்.

இதைவிட நல்ல சாட்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 2021இல் குவார்ட்டர்பேக் சாம் டார்னால்டை இரண்டாம், நாலாம், ஆறாம் சுற்று இடங்கள் கொடுத்து வாங்கினீர்கள், சரிப்படவில்லை. 2022இல் பேக்கர் மேஃபீல்ட், அதுவும் சரிப்படவில்லை, பருவம் முடிவதற்குள் அனுப்பிவிட்டீர்கள். அந்த மேஃபீல்ட் டாம்பா பே போய் 2023, 2024 இரண்டு வருஷமும் உங்கள் பிரிவையே ஜெயித்தார், அதுவும் உங்களை வைத்துக்கொண்டே. டார்னால்ட் 2024இல் மினசோட்டாவுக்கு 14 வெற்றி வாங்கிக் கொடுத்தார். ஆளை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பேரையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஸ்ட்ரவுட் சார்லட்டுக்கு வந்திருந்தால் யங்கைவிட நன்றாக ஆடியிருப்பார் என்றே நானும் நினைக்கிறேன், ஆனால் பத்து வெற்றி? மூர் இல்லாமல், அந்தத் தடுப்பு வரிசையோடு, 11 ஆட்டத்துக்குப் பிறகு தலைமைப் பயிற்சியாளரையே வீட்டுக்கு அனுப்பின ஒரு பருவத்தில்? எனக்கு நம்பிக்கையில்லை.

யங்குக்கும் ஒரு வார்த்தை. 2024இல் இரண்டே ஆட்டத்தில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், அப்புறம் திரும்ப வந்து பருவத்தின் கடைசிப் பகுதியில் முதல் வருஷத்தைவிட எவ்வளவோ தெளிவாக ஆடினார். அவரைத் 'தப்பான ஆள்' என்று முத்திரை குத்துவதில் எனக்குச் சம்மதமில்லை.

இனி உங்கள் கட்சி, சார். 'எப்போதுமே கூடாது' என்கிறீர்கள்.

2017இல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 27லிருந்து 10க்கு ஏறினார்கள். கொடுத்தது அந்த 27, ஒரு மூன்றாம் சுற்று, அடுத்த வருஷத்து முதல் சுற்று. வாங்கியது பேட்ரிக் மஹோம்ஸை. அதற்கு முந்தைய பருவம் சீஃப்ஸ் 12 வெற்றி 4 தோல்வி, குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார், அவசரம் என்று எதுவும் இல்லை. மஹோம்ஸ் ஒரு வருஷம் ஓரமாக நின்று பார்த்தார், கடைசி ஆட்டத்தில்தான் இறக்கினார்கள். மறு வருஷம் 50 டச்டவுன். மூன்று சூப்பர் பவுல், அதாவது சாம்பியன் பட்டம், வந்தாகிவிட்டது. கொடுத்த அடுத்த வருஷத்து முதல் சுற்று இடம் 22ஆக விழுந்தது, ஏனென்றால் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. சீட்டுக் கணக்கில் இவர்கள் ரொம்பக் கொஞ்சம் தள்ளி எடுத்தவர்கள். அடுத்த வருஷமே பால்டிமோர் ரேவன்ஸ் இரண்டாம் சுற்றிலிருந்து ஏறி, முதல் சுற்றின் கடைசி இடமான 32இல் லமார் ஜாக்சனை எடுத்தார்கள், அவர் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக இரண்டு முறை வந்துவிட்டார். 'எப்போதுமே கூடாது' என்றால் இவர்களையெல்லாம் என்ன செய்வது?

ஏறாமல் காத்திருப்பதும் சும்மா வராது. 2011இல் கேம் நியூட்டன் உங்களுக்கு முதல் இடத்தில் கிடைத்தார், ஏற வேண்டிய தேவையே இல்லை, 2010இல் 14 தோல்விதான் டிக்கெட் விலை. 2015 பருவத்தில் 15 வெற்றியோடு சூப்பர் பவுல் வரை போனீர்கள், நீங்களும் அன்றைக்குக் கத்தியிருப்பீர்கள். அவருக்குப் பிறகு டெடி பிரிட்ஜ்வாட்டர், டார்னால்ட், மேஃபீல்ட், நடுவில் மூன்றாம் சுற்றில் ஏறி எடுத்த மாட் கொரல். ஒவ்வொருவருக்கும் பணமோ இடமோ சில்லறை சில்லறையாகப் போனது. 2023இல் அவ்வளவு பெரிய விலை கொடுக்கும்படி ஆனதற்கு இந்தச் சில்லறைச் செலவுகளின் சலிப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மூன்று வருஷம் வாடகைச் சைக்கிள் ஓட்டியவன் கடைசியில் கடன் வாங்கி புல்லட் வாங்குவான் இல்லையா, அது மாதிரி.

நான் தொழிலில் பார்ப்பது வேறு ஒரு வித்தியாசம். நீங்கள் வாங்குவது ஆளையா, இடத்தையா? சீஃப்ஸ் டிராஃப்ட் இரவில், மஹோம்ஸ் இன்னும் யார் கையிலும் போகவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு ஏறினார்கள். அவர்கள் வாங்கியது ஆளை. பேந்தர்ஸ் ஏறியது 2023 மார்ச் 10, டிராஃப்ட் ஏப்ரல் 27. யங்கா, ஸ்ட்ரவுடா, வேறு யாருமா என்று முடிவு செய்யாமலேயே விலை கொடுத்துவிட்டு, ஏழு வாரம் உட்கார்ந்து யோசித்தார்கள். அவர்கள் வாங்கியது இடத்தை. 2021இல் ஃபார்ட்டி நைனர்ஸ் செய்ததும் அதுதான், மார்ச் கடைசியில் மூன்று முதல் சுற்று இடங்களும் ஒரு மூன்றாம் சுற்றும் கொடுத்து 12லிருந்து 3க்குப் போனார்கள், யாரை என்பது அப்புறம் என்று. ட்ரே லான்ஸை எடுத்தார்கள், அவர் அங்கே மொத்தம் நாலு ஆட்டம்தான் தொடங்கினார், கடைசியில் ஒரு நாலாம் சுற்று இடத்துக்கு டல்லஸ் போனார். இரண்டு மூன்று பேரில் யாரானாலும் சரி என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் உங்களுக்கே தெரியவில்லை என்றுதானே? தெரியாத வித்தியாசத்துக்கு எதற்கு மூன்று முதல் சுற்று?

இதையும் மந்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017இல் பேர்ஸ் டிராஃப்ட் இரவில், ஆள் யார் என்று தெளிவாக முடிவு செய்து, மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஒரே ஒரு படி ஏறினார்கள். எடுத்தது மிச்சல் ட்ருபிஸ்கியை. மஹோம்ஸ் அப்போது இன்னும் எட்டு இடம் தள்ளிக் காத்துக்கொண்டிருந்தார்.

என் தொழிலின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். லான்ஸ் கல்லூரியில் 2019இல் 28 டச்டவுன் எறிந்து ஒருமுறைகூட எதிராளி கையில் கொடுக்கவில்லை. மொத்தம் 17 ஆட்டம்தான் தொடங்கியிருந்தார், அது போதாது என்று என் நோட்டிலேயே எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டு அடுத்த வரியில் 'தயங்காமல் எடுக்கலாம்' என்றும் எழுதியிருக்கிறேன். மஹோம்ஸுக்கு நான் போட்டது இரண்டாம் சுற்று. கேட் மேஸி, ரிச்சர்ட் தேலர் என்று இரண்டு பேராசிரியர்கள் (தேலர் 2017இல் பொருளாதார நோபல் வாங்கினவர்) பல வருஷத்து டிராஃப்டை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரே பொசிஷனில் முன்னால் எடுக்கப்பட்டவர் அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடத் தேறும் வாய்ப்பு சுமார் 52 சதவீதம் என்று வந்தது. காசு சுண்டிப்போட்டால் 50. அந்த இரண்டு சதவீதத்தில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

ஆனால் ஃபார்ட்டி நைனர்ஸ் லான்ஸில் தோற்றும் கவிழவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 2022 டிராஃப்டின் கடைசி ஆளான, 262ஆம் இடத்தில் எடுத்த பிராக் பர்டியை வைத்து 2023 பருவத்தில் சூப்பர் பவுல் வரை போனார்கள், உங்கள் மக்காஃப்ரியும் கூடவே. சுற்றி இருந்த அணி அப்படி. ஏறி வழுக்கினாலும் விழுந்து எலும்பு முறியாத அணிகள்தான் ஏறலாம். இல்லாத அணி ஏறினால் வாஷிங்டன் கதைதான்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எனக்குப் பிடித்த ஒரு காட்சிக்காகச் சொல்கிறேன். 2012இல் ராபர்ட் கிரிஃபினுக்காக வாஷிங்டன் 6லிருந்து 2க்கு ஏறி, ராம்ஸுக்கு மூன்று முதல் சுற்றும் ஒரு இரண்டாம் சுற்றும் கொடுத்தது. முதல் வருஷம் அமர்க்களம், 10 வெற்றி. பிளேஆஃபில் முழங்கால் போனது, அதோடு எல்லாம் போனது. 2013இல் 13 தோல்வி, அதனால் கிடைத்த இரண்டாம் இடமும் ஏற்கெனவே ராம்ஸுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. 2014 டிசம்பரில் இரண்டு அணியும் மோதின. டாஸ் போட நடுமைதானத்துக்கு ராம்ஸ் ஆறு கேப்டன்களை அனுப்பியது, ஆறு பேரும் அந்த டிரேடால் வந்து சேர்ந்தவர்கள். ஒருவர் பின் ஒருவராக நடந்து போய் நின்றார்கள். ஆட்டம் 24-0. இதில் வேடிக்கை, அவ்வளவு வாங்கியும் ராம்ஸ் அந்த நாட்களில் ஒரு பருவம்கூடத் தோல்வியைவிட அதிக வெற்றியோடு முடிக்கவில்லை, ஏனென்றால் அவர்களிடம் குவார்ட்டர்பேக் இல்லை. 2016இல் அவர்களே 15லிருந்து 1க்கு ஏறி ஜாரட் காஃபை எடுத்தார்கள்! விற்றவனும் கடைசியில் வாங்க வந்து நின்றான்.

ஆக, ஒரு அணி என்னிடம் வந்து ஏறலாமா என்று கேட்டால், அந்தப் பையன் எவ்வளவு தூரம் எறிவான் என்பதிலிருந்து நான் தொடங்க மாட்டேன். அடுத்த வருஷம் நீங்கள் எத்தனை ஆட்டம் ஜெயிப்பீர்கள் என்று கேட்பேன், அவன் ஆடாமல் பெஞ்சிலேயே இருந்தாலும். ஏழெட்டு என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தால், கொடுக்கப்போகிற இடத்தின் விலை ஓரளவுக்குக் கட்டுக்குள் இருக்கிறது. மூன்று நாலு என்றால் நீங்கள் கொடுப்பது வெற்றுக் காசோலை, எதிராளி தொகையைப் பூர்த்தி செய்துகொள்வான், அப்படிப்பட்ட அணி ஏற வேண்டியதும் இல்லை, இருக்கிற இடத்திலேயே இன்னொரு வருஷம் மோசமாக ஆடினால் முன்வரிசை தானாக வந்துவிடும். அவன் எறிகிற பந்தைப் பிடிக்கப்போகிறவர் யார் என்று பெயர் கேட்பேன், அந்தப் பெயர் டிரேடில் போகிற பட்டியலில் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன். அப்புறம், டிராஃப்ட் இரவு வரை பொறுக்க முடியுமா என்று கேட்பேன். முடியாது என்றால் ஏன் முடியாது, யாருடைய வேலை போய்விடும் என்கிற பயம் அது? பெரும்பாலும் பதில் அங்கே இருக்கும். தோற்றுக்கொண்டிருக்கிற மேலாளருக்கு அடுத்த வருஷத்து இடத்தைப் பற்றி என்ன கவலை, அடுத்த வருஷம் அவர் அங்கே இருந்தால்தானே?

சரி, பந்தயம். 2023 டிரேடைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதுதான் சரி, அது செய்திருக்கவே கூடாத டிரேட், ஸ்ட்ரவுடை எடுத்திருந்தாலும் அந்த விலைக்குக் கூடாது. ஆனால் நீங்கள் பந்தயம் கட்டியது அந்த ஒரு டிரேடின் மேல் இல்லை, 'எப்போதுமே' என்கிற வார்த்தையின் மேல். கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதனால் புல்லை நீங்கள்தான் வெட்ட வேண்டும், சார். பையன் வாதமும் பாதிதான் தேறியது என்பதால் வெட்டின புல்லை அவனை அள்ளச் சொல்லுங்கள்.